ஐடிசி பங்கை விற்றால் சிகரெட் குறையுமா? மனசாட்சிப்படி முதலீடு செய்வது பற்றி ஓர் எளிய விளக்கம்

போன மாதம் அலுவலகத்தில் கூட வேலை பார்க்கும் தம்பி ஒருவர் சாப்பாட்டு நேரத்தில் வந்து சொன்னார்: "அண்ணா, என்கிட்ட இருந்த ஐடிசி ஷேர் எல்லாத்தையும் வித்துட்டேன். இனிமே என் காசு சிகரெட் கம்பெனிக்குப் போகாது." அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. பக்கத்தில் உட்கார்ந்திருந்த இன்னொருவர் உடனே, "நீ வித்தா இன்னொருத்தன் வாங்கப் போறான். எல்லாம் வீண் வேலை" என்றார்.

இரண்டு பேர் சொன்னதிலும் பாதிதான் உண்மை. மனசாட்சிப்படி முதலீடு என்ற பேச்சு வரும்போதெல்லாம் இந்த இரண்டு பாதிகள்தான் மோதிக்கொள்கின்றன, நடுவில் பணம் உண்மையில் எப்படி நகர்கிறது என்பதை யாரும் சொல்வதில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. பங்குச்சந்தை பற்றி ஒன்றும் தெரியாதவர்களும் தாராளமாக மேலே படிக்கலாம்.

## நீங்கள் ஏற்கெனவே உள்ளே இருக்கிறீர்கள்

"எனக்கு ஷேர் மார்க்கெட்டே வேண்டாம், அதனால் இந்தக் கவலையும் இல்லை" என்று சொல்கிறவர்கள் நிறையப் பேர். அவர்களுக்குச் சம்பளத்தில் பிஎஃப் பிடித்தம் இருக்கும், வீட்டில் எல்ஐசி பாலிசியும் இருக்கும்.

பங்கு என்பது ஒரு நிறுவனத்தின் உரிமையில் ஒரு சிறு துண்டு. அந்தத் துண்டுகளை நாம் நேரடியாக வாங்கலாம், நம் சார்பில் வேறு யாராவதும் வாங்கலாம். எல்ஐசி அப்படித்தான் வாங்குகிறது. ஐடிசி நிறுவனத்தில் அது வைத்திருக்கும் பங்கு சுமார் 15 சதவீதம். மக்களின் காப்பீட்டுப் பணத்தைப் புகையிலையில் போடலாமா என்று கேட்டு 2017-ல் மும்பை உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்கே தொடுத்தார்கள். பிஎஃப் அமைப்பும் 2015 ஆகஸ்டிலிருந்து புதிதாகச் சேரும் பணத்தில் ஒரு பகுதியைப் பங்குச்சந்தையில் போடுகிறது. முதலில் 5 சதவீதம், பிறகு 15 சதவீதம்வரை. போடுவது பெரும்பாலும் நிஃப்டி 50, சென்செக்ஸ் ஆகிய பட்டியல்களை ஒட்டிய திட்டங்களில்.

நிஃப்டி 50 என்பது நாட்டின் மிகப் பெரிய நிறுவனங்களில் 50-ஐக் கொண்ட பட்டியல். அந்தப் பட்டியலில் இருப்பதை அப்படியே, அதே விகிதத்தில் வாங்கி வைக்கும் திட்டத்துக்கு இண்டெக்ஸ் ஃபண்ட் என்று பெயர். ஓட்டலில் முழுச் சாப்பாடு வாங்குவது போலத்தான். டோக்கன் வாங்கிவிட்டால் கூட்டு, பொரியல், வத்தக்குழம்பு எல்லாம் இலையில் விழும், உங்களுக்குப் பிடிக்காததும் விழும். இண்டெக்ஸ் ஃபண்டில் நீங்கள் போடும் 100 ரூபாயில் அண்மை ஆண்டுகளில் மூன்று நான்கு ரூபாய் ஐடிசி பங்குகளில்தான் இருந்திருக்கிறது.

இதில் என்னை உலுக்கிய ஒரு விஷயம் உண்டு. 2018 மே 22 அன்று, ஸ்டெர்லைட் தாமிர உருக்காலையை மூடச் சொல்லி ஊர்வலம் போன தூத்துக்குடி மக்கள்மீது காவல்துறை சுட்டதில் 13 பேர் உயிரிழந்தார்கள். அந்த ஆலை வேதாந்தா நிறுவனத்துடையது. அன்றைக்கு வேதாந்தா நிஃப்டி 50 பட்டியலில் இருந்தது. அப்படியானால் பிஎஃப் பிடித்தம் உள்ள ஒரு தூத்துக்குடித் தொழிலாளி அந்த ஊர்வலத்தில் நடந்திருந்தால், அவரும் சேர்ந்து போட்டு வைத்த பொதுப்பணத்தில் ஒரு துளி, அவர் மூடச் சொன்ன அதே ஆலையின் உரிமையில் இருந்திருக்கும். அதற்கு அவரிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை, அது அவருக்குத் தெரிந்திருக்கவும் வாய்ப்பில்லை.

ஆக, முதலீட்டில் மனசாட்சியைக் கொண்டுவருவதா வேண்டாமா என்ற கேள்வி பங்கு வாங்குகிறவர்களுக்கு மட்டுமானது இல்லை. பிஎஃப் உள்ளவர், பாலிசி உள்ளவர் எல்லாருக்கும் அது உண்டு.

## பழைய பைக் கணக்கு

இப்போது தம்பியின் கேள்விக்கு வருவோம். அவர் விற்ற பங்கின் பணம் எங்கே போனது, எங்கிருந்து வந்தது?

ஷோரூமில் புது பைக் வாங்கினால் உங்கள் பணம் கம்பெனிக்குப் போகிறது. அதே பைக்கை ஐந்து வருடம் ஓட்டிவிட்டுப் பக்கத்துத் தெருக்காரருக்கு விற்றால் அவர் பணம் உங்களுக்கு வருகிறது, கம்பெனிக்கு ஒரு ரூபாய்கூடப் போவதில்லை. நீங்கள் விற்றாலும் விற்காவிட்டாலும் கம்பெனியின் கல்லாப்பெட்டிக்கு அது தெரியவே தெரியாது.

பங்குச்சந்தையில் தினமும் நடக்கும் வியாபாரம் கிட்டத்தட்ட முழுக்க முழுக்கப் பழைய பைக் வியாபாரம்தான். இதை இரண்டாம் நிலைச் சந்தை என்பார்கள். நிறுவனம் முதன்முறை பங்கு வெளியிடும்போதும், புதிதாகக் கடன் வாங்கும்போதும் நடப்பது ஷோரூம் வியாபாரம், அது முதல்நிலைச் சந்தை. நிறுவனத்தின் கைக்குப் பணம் போவது அங்கேதான்.

தம்பி வைத்திருந்த ஐடிசி பங்கு அவர் இன்னொருவரிடமிருந்து வாங்கியது, இப்போது வேறொருவரிடம் போய்விட்டது. அவர் வாங்கியபோதும் ஐடிசிக்குக் காசு போகவில்லை, விற்றபோதும் ஐடிசியின் காசு குறையவில்லை. அதோடு, ஐடிசி கடன் ஏறக்குறைய இல்லாத, கையில் பணம் கொழிக்கும் நிறுவனம். அதற்குப் புதுப் பணம் தர மாட்டேன் என்று யார் சொன்னாலும் அதற்குக் கவலையில்லை. அதற்குப் பணம் தருகிறவர் பெட்டிக்கடையில் நின்று சிகரெட் வாங்குகிறவர்.

"பங்கை விற்றால் நிறுவனம் பணமில்லாமல் வாடும்" என்பதுதான் இந்த விஷயத்தில் உள்ள மிகப் பெரிய தவறான புரிதல். இதை மனதில் வைத்துக்கொண்டு ஒரு நிஜக் கதையைப் பார்க்கலாம்.

## நார்வே வேதாந்தாவை விற்றபோது

நார்வே நாடு கடலுக்கடியில் எடுக்கும் எண்ணெய், எரிவாயுவில் வந்த வருமானத்தை வருங்காலத் தலைமுறைக்காக ஒரு பெரிய நிதியில் சேர்த்து வைக்கிறது. உலகத்தின் பட்டியலிடப்பட்ட பங்குகளில் ஏறக்குறைய 1.5 சதவீதம் இந்த ஒரு நிதியிடம் இருக்கிறது. எந்த நிறுவனங்களை ஒதுக்கவேண்டும் என்று ஆராய்ந்து சொல்ல 2004-ல் ஒரு நெறிமுறைக் குழுவை அமைத்தார்கள். அந்தக் குழு, லண்டனில் பட்டியலிடப்பட்டிருந்த வேதாந்தா ரிசோர்சஸ் நிறுவனத்தின் இந்தியக் கிளைகளை ஆராய்ந்தது: தூத்துக்குடி ஸ்டெர்லைட், மேட்டூர் மால்கோ, சத்தீஸ்கரில் கோர்பா அலுமினிய ஆலை, ஒடிசாவில் லாஞ்சிகட் அலுமினா சுத்திகரிப்பு ஆலை. கடுமையான சுற்றுச்சூழல் பாதிப்புக்கும் மனித உரிமை மீறலுக்கும் உடந்தையாகும் அபாயம் இருக்கிறது என்று 2007-ல் அறிக்கை கொடுத்தது. குற்றச்சாட்டுகளை நிறுவனம் மறுத்தது. அந்த ஆண்டே நார்வே நிதி வேதாந்தாவையும் ஸ்டெர்லைட், மால்கோ நிறுவனங்களையும் விலக்கிவிட்டது. 2010-ல் இங்கிலாந்துத் திருச்சபையும் தன்னிடமிருந்த வேதாந்தா பங்குகளை விற்றது.

தூத்துக்குடியில் ஒரு தீமை நடக்கிறது என்று ஆஸ்லோவில் உட்கார்ந்து ஒரு குழு எழுதியது 2007-ல். ஆலைக்குப் பூட்டு விழுந்தது 2018 மே 28-ல், தமிழக அரசின் ஆணையால், 13 உயிர்கள் போன பிறகு. நடுவில் 11 வருடம். அந்தப் பங்குகளை வேறு யாரோ வாங்கிக்கொண்டார்கள், ஆலை இடையிடையே தடைகள் வந்தும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆலையை மூடியதை எதிர்த்த நிறுவனத்தின் மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் தள்ளுபடி செய்தது. வேதாந்தாவின் லாஞ்சிகட் ஆலைக்காக ஒடிசாவின் நியமகிரி மலையில் பாக்சைட் என்ற அலுமினியத் தாதுவைத் தோண்டும் திட்டத்தை நிறுத்தியவர்களும் பங்கு விற்றவர்கள் இல்லை. 2013-ல் உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி கூடிய 12 கிராம சபைகளும் ஒன்று விடாமல் "வேண்டாம்" என்றன. அதற்குப் பிறகுதான் அது நின்றது.

அப்படியானால் நார்வே செய்தது வீணா? நான் அப்படி நினைக்கவில்லை. ஒரு நாட்டின் அரசு நிதி தன் காரணங்களை எழுத்தில், பெயர் சொல்லி வெளியிட்டது. உள்ளூரில் போராடுகிறவர்களை "வளர்ச்சிக்கு எதிரிகள்" என்று ஒதுக்கித் தள்ளிக்கொண்டிருந்த காலத்தில், அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது என்று வெளியிலிருந்து ஒரு சாட்சி கிடைத்தது. அந்தச் சாட்சியத்துக்கு மதிப்பு உண்டு. ஆனால் அது ஆலையின் பணவரத்தை நிறுத்தவில்லை.

## பிறகு எதற்காகத்தான் இதைச் செய்வது?

இங்கே இரண்டு தனித்தனி நோக்கங்கள் இருக்கின்றன. ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் இவ்வளவு சண்டை.

முதல் நோக்கம், அந்தப் பணம் எனக்கு வேண்டாம் என்பது. உங்கள் ஊரில் கந்துவட்டிக்கு விடும் ஒருவர் வந்து, "ஒரு லட்சம் கொடுங்க, மாசம் மூவாயிரம் கையில தரேன்" என்கிறார். நீங்கள் மறுத்தால் அவர் வேறொருவரிடம் வாங்கிக்கொள்வார், ஊரில் கந்துவட்டி ஒழிந்துவிடாது. அது தெரிந்தும் நீங்கள் மறுப்பீர்கள், ஏனென்றால் ஒரு குடும்பத்தின் கண்ணீரிலிருந்து வரும் மூவாயிரம் உங்கள் வீட்டு அரிசியாக மாறுவதை உங்களால் சகிக்க முடியாது. இது முழுக்க நியாயமான காரணம். இதற்கு வேறு விளைவு எதையும் நிரூபித்துக்காட்டத் தேவையில்லை. தம்பியின் நிம்மதி இந்த வகை. அதை "வீண் வேலை" என்று சொன்னவர் தவறு செய்தார்.

இரண்டாவது நோக்கம், உலகில் ஒன்றை மாற்றுவது. அதற்கு விற்பது மட்டும் பெரும்பாலும் போதாது. பணம் நிஜமாகவே நிறுவனத்துக்குள் நுழையும் வாசலில் போய் நிற்கவேண்டும், அல்லது உள்ளே இருந்துகொண்டு பேசவேண்டும்.

வாசலில் நிற்பதற்கு நல்ல உதாரணம் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் அதானி குழுமம் தொடங்கிய கார்மைக்கேல் நிலக்கரிச் சுரங்கம். புதுச் சுரங்கத்துக்குப் புதுப் பணம் வேண்டும், அதாவது வங்கிக் கடன். மக்கள் வங்கிகளின் கதவைத் தட்டினார்கள், வங்கிகள் ஒன்றன்பின் ஒன்றாக "நாங்கள் இதற்குக் கடன் தர மாட்டோம்" என்று அறிவித்தன. பாரத ஸ்டேட் வங்கி 2014-ல் ஒப்புக்கொண்டதாகச் சொல்லப்பட்ட 100 கோடி டாலர் கடனும் கடைசிவரை வந்து சேரவில்லை. 2018 நவம்பரில் அதானி நிறுவனம் சொந்தப் பணத்திலேயே சுரங்கத்தைத் தோண்டுவதாக அறிவித்தது. முதலில் திட்டமிட்டது ஆண்டுக்கு 6 கோடி டன், தொடங்கும்போது 1 முதல் 1.5 கோடி டன் என்று சுருக்கிக்கொண்டது. சுரங்கம் வந்தேவிட்டது, ஆனால் அளவு குறைந்தது. தென்னாப்பிரிக்காவின் நிறவெறி அரசையும் பெரிதாக அடித்தது 1985-ல் அமெரிக்காவின் சேஸ் மன்ஹாட்டன் வங்கி அந்த நாட்டுக்கான குறுகிய காலக் கடன்களைப் புதுப்பிக்க மறுத்ததுதான், மற்ற வங்கிகளும் தொடர, ரேண்ட் நாணயம் சரிந்து அரசு கடனைத் திருப்பித் தருவதையே நிறுத்திவைக்க வேண்டிவந்தது.

உள்ளே இருந்து பேசுவது என்றால் ஓட்டு. ஒவ்வொரு பங்குக்கும் ஓட்டு உண்டு. விற்றவருக்கு அது கிடையாது. 2021 மே மாதம் எஞ்சின் நம்பர் ஒன் என்ற சிறிய முதலீட்டு நிறுவனம், அமெரிக்க எண்ணெய் நிறுவனமான எக்சான்மொபிலின் பங்குகளில் வெறும் 0.02 சதவீதம் மட்டும் கையில் வைத்துக்கொண்டு, பருவநிலை மாற்றத்தை அலட்சியம் செய்கிறீர்கள் என்று சொல்லி இயக்குநர் குழுவில் மூன்று இடங்களைப் பிடித்தது. பிளாக்ராக், வான்கார்டு போன்ற பெரிய முதலீட்டு நிறுவனங்கள் அவர்கள் பக்கம் ஓட்டுப் போட்டதால்தான் அது நடந்தது. எக்சான் எண்ணெய் எடுப்பதை நிறுத்திவிடவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

சுருக்கமாக: விற்பது உங்கள் கையைச் சுத்தமாக வைத்துக்கொள்ள உதவும். நிறுவனத்தை மாற்ற, கடன் மறுப்பதும் ஓட்டுப் போடுவதும் கூடுதல் பலம் உள்ளவை, அவையும் ஒவ்வொரு தடவையும் ஜெயிப்பதில்லை.

## இஎஸ்ஜி என்ற மூன்று எழுத்து

இந்தப் பேச்சில் அதிகம் அடிபடும் சொல் இஎஸ்ஜி. சுற்றுச்சூழல், சமூகம், நிர்வாகம் ஆகிய மூன்றிலும் ஒரு நிறுவனம் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்கும் முறை அது. பெயரைக் கேட்டதும் "நல்ல நிறுவனங்களின் பட்டியல்" என்று நினைத்துவிடுகிறோம். அங்கேதான் ஏமாற்றம் தொடங்குகிறது.

காப்பீடு எடுக்கும்போது மருத்துவப் பரிசோதனை செய்வார்களே, அதில் சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாம் பார்ப்பார்கள். நீங்கள் நல்லவரா கெட்டவரா என்று பார்ப்பதில்லை, நீண்டநாள் இருப்பீர்களா என்று பார்க்கிறார்கள். பெரிய இஎஸ்ஜி மதிப்பெண்கள் பலவும் இந்த மாதிரிதான். இந்த நிறுவனத்தால் உலகத்துக்கு என்ன கேடு என்பதைவிட, தண்ணீர்ப் பஞ்சம், புதுச் சட்டம், வழக்கு போன்றவற்றால் இந்த நிறுவனத்தின் லாபத்துக்கு என்ன கேடு என்பதையே அவை முதலில் அளக்கின்றன. போதாக்குறைக்கு ஒரு நிறுவனத்தை அதே தொழிலில் உள்ள மற்ற நிறுவனங்களோடுதான் ஒப்பிடுகிறார்கள், ஒவ்வொரு வகுப்புக்கும் தனித்தனி முதல் மார்க் மாதிரி.

அதனால்தான் லாபத்தின் பெரும்பகுதியைச் சிகரெட்டில் சம்பாதிக்கும் ஐடிசி, நிறுவனங்களுக்கு மதிப்பெண் போடும் எம்எஸ்சிஐ அமைப்பின் இஎஸ்ஜி தரவரிசையில் பல ஆண்டுகள் ஏஏ என்ற உயர்ந்த இடத்தில் இருந்தது. இதில் மோசடி எதுவும் இல்லை. மரம் நடுவதிலும் தண்ணீர் சேமிப்பதிலும் அவர்கள் செய்யும் வேலை உண்மையானது. ஆனால் "என் பணம் புகையிலையில் இருக்கக்கூடாது" என்று நினைத்து இஎஸ்ஜி முத்திரையை மட்டும் நம்பி வாங்கினால், நீங்கள் கேட்ட கேள்வி ஒன்று, அந்த மதிப்பெண் பதில் சொன்ன கேள்வி வேறொன்று.

இந்தியாவில் விதிகள் கொஞ்சம் இறுகியிருக்கின்றன. பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 2023-ல், இஎஸ்ஜி ஃபண்டுகள் தங்கள் வழி எது என்று ஆறு வகைகளுக்குள் வெளிப்படையாகச் சொல்லவேண்டும், பணத்தில் குறைந்தது 80 சதவீதத்தை அந்த வழியில்தான் போடவேண்டும் என்று ஆணையிட்டது. ஆறில் ஒன்று "விலக்குதல்", குறிப்பிட்ட தொழில்களை அடியோடு ஒதுக்குவது. தம்பி தேடுவது அந்த வகை. ஃபண்டின் பெயரைவிட இந்த வகையின் பெயரைத் தேடிப் படிப்பதுதான் முக்கியம்.

## கோடு எங்கே என்று யார் சொல்வது

பாக்கெட்டில் இருக்கும் பச்சைப் புள்ளி சைவமா அசைவமா என்ற ஒரே கேள்விக்குத் தெளிவாகப் பதில் சொல்கிறது. முதலீட்டில் அவ்வளவு தெளிவான கோடு இருப்பது ஷரியா ஃபண்டுகளில்தான். மது, புகையிலை, சூதாட்டம், பன்றி இறைச்சி, வட்டித் தொழில் கூடாது. வட்டித் தொழில் கூடாது என்பதால் வழக்கமான வங்கிகள் எல்லாம் வெளியே. அளவுக்கு மீறிக் கடன் வாங்கிய நிறுவனமும் கூடாது. நம் நாட்டிலேயே டாடா எத்திக்கல் ஃபண்ட், நிஃப்டி 50 ஷரியா இண்டெக்ஸ் எல்லாம் இந்த வழியில் வந்தவை. மதத்தைத் தாண்டி யாரும் இதில் பணம் போடலாம்.

ஆனால் அந்தக் கோடு உங்கள் கோடாக இருக்கவேண்டும் என்று அவசியமில்லை. வள்ளலார் வழியில் புலால் மறுத்த ஒருவருக்குத் தோல் பதனிடும் தொழில் உறுத்தும், ஷரியா விதி அதை விலக்காது. வங்கித் தொழில் ஒரு முஸ்லிம் நண்பருக்கு ஆகாது, எனக்கு அதில் தடை இல்லை. ஒருவருக்கு அணுமின்சாரம் சுத்தமான மின்சாரம், கூடங்குளம் அணுஉலைக்குப் பக்கத்து ஊரான இடிந்தகரையில் பிறந்தவர் அப்படிச் சொல்லமாட்டார். எனவே "இது நல்ல ஃபண்டா" என்று மற்றவரிடம் கேட்பதற்குமுன், எந்த இரண்டு அல்லது மூன்று தொழில்களின் லாபம் உங்கள் கைக்கு வரவே கூடாது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்வது நல்லது. பத்து எழுதினால் வாங்க ஒன்றும் மிஞ்சாது.

வருமானம் குறையுமா என்றும் கேட்பார்கள். குறையலாம், கூடலாம், பட்டியல் வேறாகும்போது பலனும் வேறாகும். வங்கிகள் நன்றாக ஏறும் வருடத்தில் ஷரியா ஃபண்ட் பின்தங்கும், வங்கிகள் விழும்போது அது தாங்கும். நார்வே நிதியின் சொந்தக் கணக்கில், புகையிலை போன்ற பொருட்களை ஒதுக்கியதால் வருமானம் கொஞ்சம் குறைந்திருக்கிறது, மோசமாக நடந்துகொண்ட நிறுவனங்களை ஒதுக்கியதால் கூடியிருக்கிறது. "நல்லது செய்தால் லாபம் தானாக வரும்" என்று சொல்லி ஒரு ஃபண்டை யாராவது விற்க வந்தால், எழுந்து வந்துவிடுங்கள்.

## சரி, நம்மைப் போன்றவர்கள் எங்கே தொடங்குவது?

முதலில் பாருங்கள். ஒவ்வொரு மியூச்சுவல் ஃபண்ட் நிறுவனமும், அதாவது பலரிடமிருந்து பணம் திரட்டி மொத்தமாக முதலீடு செய்யும் நிறுவனம், எதில் எவ்வளவு வைத்திருக்கிறோம் என்ற முழுப் பட்டியலை மாதம்தோறும் தன் இணையதளத்தில் போடவேண்டும் என்பது விதி. எக்செல் கோப்பு, பத்து நிமிட வேலை.

அப்புறம் ஓட்டு. உங்கள் ஃபண்டில் உள்ள பங்குகளின் ஓட்டு ஃபண்ட் நிறுவனத்திடம் இருக்கிறது. 2022 ஏப்ரலிலிருந்து நிறுவனங்களின் எல்லாத் தீர்மானங்களிலும் அவர்கள் ஓட்டளித்தே ஆகவேண்டும், இண்டெக்ஸ் ஃபண்டும் இதற்கு விலக்கில்லை. எப்படி ஓட்டளித்தோம், ஏன் என்பதையும் வெளியிடவேண்டும். அதைப் படித்துவிட்டு ஏன் இப்படிப் போட்டீர்கள் என்று மின்னஞ்சல் அனுப்ப முதலீட்டாளருக்கு எல்லா உரிமையும் உண்டு. கேட்கிறவர்கள் மிகக் குறைவாக இருப்பதால்தான் இது இன்னும் சடங்காகவே நடக்கிறது என்பது என் எண்ணம்.

புதுப் பணம் நுழையும் வாசல்களை மறந்துவிடாதீர்கள். வைப்புநிதி என்பது நேரடிக் கடன். ஓய்வு பெற்றவர்கள் விரும்பிப் போடும் தமிழ்நாடு பவர் ஃபைனான்ஸ் டெபாசிட் நம் மாநில மின்துறைக்குக் கடனாகப் போகிறது, அனல் மின்நிலையங்களும் அந்தத் துறையில்தான் இருக்கின்றன. பத்திரம், அதாவது குறிப்பிட்ட வட்டிக்கு நாம் கொடுக்கும் கடனுக்கான சீட்டு, அதுவும் இந்த வாசல்தான். 2023 பிப்ரவரியில் இந்தூர் மாநகராட்சி 8.25 சதவீத வட்டியில் 244 கோடி ரூபாய்க்குப் பசுமைப் பத்திரம் வெளியிட்டது. நர்மதைத் தண்ணீரை ஊருக்கு ஏற்றிக் கொண்டுவர ஆகும் மின்கட்டணத்தைக் குறைக்க 60 மெகாவாட் சூரியமின் நிலையம் கட்டுவதற்காக. சாதாரண மக்களும் விண்ணப்பித்தார்கள். அந்தப் பணம் பழைய பைக்குக்குப் போகவில்லை, ஜலூத் கிராமத்தில் சூரியத் தகடுகளுக்குப் போனது. இப்படிப்பட்ட வாய்ப்பு அடிக்கடி வருவதில்லை, வரும்போது தவணை தவறும் அபாயத்தையும் பார்த்துத்தான் போடவேண்டும்.

இதையெல்லாம் அந்தத் தம்பியிடம் நான் ஒரே மூச்சில் சொல்லவில்லை, இரண்டு மூன்று நாள் சாப்பாட்டு நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசினோம். நாலாவது நாள் அவரே செல்பேசியைக் கொண்டுவந்து நீட்டினார். எஸ்ஐபி, அதாவது மாதாமாதம் தானாகப் போகும் முதலீடாக, ஐயாயிரம் போய்க்கொண்டிருக்கும் அவருடைய நிஃப்டி 50 ஃபண்டின் பட்டியல் அதில் திறந்திருந்தது, ஐடிசி இருந்த வரியின்மேல் விரல் வைத்திருந்தார். "அண்ணா, நான் வித்தது 40 ஷேர். இதுல எனக்கு மாசாமாசம் சேர்ந்துக்கிட்டே இருக்கு." எஸ்ஐபியை நிறுத்துவதா, மாற்றுவதா, இல்லை வைத்துக்கொண்டே அந்த ஃபண்ட் நிறுவனத்துக்கு எழுதுவதா என்று அவர் இன்னும் முடிவு செய்யவில்லை. விலக்குதல் வகையில் என்னென்ன ஃபண்ட் இருக்கிறது என்று தேடிக்கொண்டிருக்கிறார்.